கோட்டைக்குள் புகுந்த சிறுபிராணிகள்: உங்களால் மறக்க முடியாத சம்பவம் எது?

கல்தச்சன்

குள்ளர்களை வைத்துக் கோட்டை கட்டி நடத்தும் கணினி விளையாட்டான ட்வார்ஃப் ஃபோர்ட்ரெஸ் விளையாடுகிறவர்களுக்கு முன்கதை வேண்டியதில்லை, நேராக விஷயத்துக்கு வருகிறேன். மூன்றாவது குளிர்காலம். மது இருந்தது, காளான் இருந்தது, எதிரிகளான கோப்ளின்கள் தலைகாட்டவில்லை. அப்படிப்பட்ட அமைதியான வருடத்தில்தான் என் கோட்டை எலியால் கெட்டது.

என் மது காய்ச்சுபவர் உரிஸ்ட். 'எலிகளை அறவே வெறுக்கிறார்' என்ற வரி அவருடைய குணக்குறிப்பில் முதல் நாளிலிருந்தே இருந்தது. ஒருவருக்கு ஈ பிடிக்காது, ஒருவருக்குத் தேரை பிடிக்காது. எல்லாக் குள்ளர்களுக்கும் அப்படி ஒரு வரி உண்டு. அதைப் படித்துவிட்டுக் கடந்துபோனேன். மது காய்ச்சுபவர் பொழுதெல்லாம் நடமாடும் இடம் உணவுக் கிடங்கு, எலி வரும் இடமும் அதுவே என்பது எனக்கு உறைக்கவில்லை. புறப்படும்போது பூனை வாங்கவும் இல்லை. தொடக்கத்தில் பொருள் வாங்கத் தரும் புள்ளிகளில் அதற்குப் பதில் கூடுதலாக ஒரு கோடரி எடுத்தேன்.

இரண்டு வருடம் பார்த்துப் பார்த்து வெந்த மனம் ஒரு நாள் வெடித்தது. வடிசாலையை உடைத்தார்; பக்கத்தில் நின்ற சிறுவனை அடித்தார், கை முறிந்தது. ஷெரீஃப் அவரைச் சங்கிலியில் கட்டினார். அதுவரை எனக்கு வருத்தம் மட்டும்தான். நான்கைந்து நாள் கழித்து அவருடைய எண்ணங்களைத் திறந்து பார்த்தேன். சிறைக்குள்ளும் எலியைக் கண்டு கலங்கியிருந்தார். சாப்பாடு கொண்டுபோக வசதியாக இருக்கட்டும் என்று சிறையைக் கிடங்கை ஒட்டி வெட்டியிருந்தது நான்தான். கட்டப்பட்ட மனிதர், நகர முடியாது, மூலையில் எலி. இன்றுவரை அந்தத் திரை கண்ணிலேயே நிற்கிறது.

உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்.


மழைக்காகம்

எனக்குக் கியா கிளிகள். வண்டி வந்து நின்ற முதல் வாரம், ஒரே ஒரு கோடரி, அதுவும் தரையில் கிடந்தது. கூட்டமாக வந்தன, ஒன்று தூக்கிக்கொண்டு பறந்தது. மலைச்சரிவில் அந்தப் புள்ளி சிறுத்துச் சிறுத்துத் திரையின் விளிம்பில் மறைவதை இடைநிறுத்தி இடைநிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தேன். கோடரி போனால் மரம் இல்லை, மரம் இல்லாவிட்டால் கட்டில் இல்லை. இலையுதிர் காலத்தில் வணிகக் குழு வரும்வரை என் ஏழு குள்ளர்களும் மண் தரையில் படுத்தார்கள். கல்தச்சன் கூடுதல் கோடரி எடுத்ததில் தவறே இல்லை என்பேன்.


பூனைக்கண்

மழைக்காகம் அவர்களே, கியா சிறுபிராணிக் கணக்கில் வராது. அது திருட்டுக் குணமுள்ள பறவை. குறுக்குவில்காரர் ஒருவர் வாசலில் நின்றால் போதும். பூனை இருந்தும் உங்களுக்குப் பயன்பட்டிருக்காது.

என் கதை பூனைகளைப் பற்றியது. 2015 டிசம்பரில் மதுக்கூடங்கள் சேர்ந்த பதிப்பு வந்ததே, அப்போது. எலித் தொல்லைக்காக நான்கு பூனைகள் கொண்டுபோயிருந்தேன், பதினொன்று ஆகியிருந்தன. அவற்றில் சாம்பல் நிறப் பூனை ஒன்று மரவெட்டி ஒருத்தியைத் தன் எஜமானியாகத் தேர்ந்துகொண்டது. (பூனைதான் ஆளைத் தேர்ந்தெடுக்கும், நாம் ஒதுக்க முடியாது என்பது உங்களுக்குத் தெரியும்.) தினமும் பிடித்த எலியை அவள் காலடியில் கொண்டுவந்து போடும்.

மதுக்கூடம் திறந்த சில வாரங்களில் பூனைகள் ஒவ்வொன்றாகச் சாகத் தொடங்கின. தரையெங்கும் வாந்தி. காயம் இல்லை, சண்டை இல்லை. கிணற்றில் நஞ்சு கலந்துவிட்டது என்று நினைத்துக் கிணற்றை மூடினேன். குகைப் பக்கத்திலிருந்து ஏதோ நோய் வந்திருக்கும் என்று படிக்கட்டை அடைத்தேன். ஒன்றும் பலிக்கவில்லை. சாம்பல் பூனை மதுக்கூட வாசலில் விழுந்தபோது மரவெட்டி இரண்டடி தள்ளி நின்றிருந்தாள்.

காரணம் பிறகுதான் வெளியே வந்தது. கூட்டத்தில் மது தரையில் சிந்துகிறது, பூனையின் பாதத்தில் ஒட்டுகிறது, பூனை தன்னை நக்கிச் சுத்தம் செய்கிறது. பாதத்தில் இருந்த சொட்டை ஒரு முழுக் கோப்பையாகக் கணக்கிட்டுவிட்டது விளையாட்டு. அவ்வளவு சிறிய உடம்பு ஒரு கோப்பையைத் தாங்குமா? உருவாக்கியவர் டார்ன் ஆடம்ஸே இதைப் பேட்டிகளில் விளக்கியிருக்கிறார், பிழையும் திருத்தப்பட்டுவிட்டது. சுத்தமாக இருக்க நினைத்ததற்காகச் செத்தன என் பூனைகள். எனக்கு அது ஆறவில்லை.


பீப்பாய்க்காவலன்

கல்தச்சன் அவர்களே, உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் எலியின் மேல் பழி போடுவதற்கு முன் கிடங்கைப் பாருங்கள். நான் ஒரு முறை விதைகளை இழந்தேன். வசந்தம் வந்தது, உழுத நிலம் தயார், பைகளைப் பார்த்தால் பாதிக்கு மேல் காலி. விவசாயி ஒருவர் வெறும் வயலில் வேலையின்றி நின்றார். என் கதை அவ்வளவுதான்.

அதிலிருந்து கற்றதைச் சொல்கிறேன். விளையாட்டின் உயிரினக் கோப்புகளில் உணவு தின்னும் சிறுபிராணிகளுக்குக் கொள்கலனுக்குள் நுழையும் திறன் என்று ஓர் எண் கொடுத்திருக்கிறார்கள். கொள்கலன் எதனால் ஆனது என்பதைப் பொறுத்து அந்த எண் பலிக்கும் அல்லது பலிக்காது. உலோகப் பாத்திரம் நன்றாகத் தாங்கும். மரப் பீப்பாய் அதைவிடச் சற்றுத் தளர்வு. துணிப்பை எல்லாவற்றிலும் பலவீனம். விதைகள் பையில்தான் இருக்கும், ஆகவே முதலில் பாதிக்கப்படுவது விதை. பைகளைப் பீப்பாய்க்குள் அடுக்க விடுங்கள். திறந்த தரையில் உணவு ஒரு நாள்கூடக் கிடக்கக் கூடாது. கல்லில் பெரிய பானைகள் செய்யச் சொன்னால் மரம் மிச்சமாகும்.

அடுத்தது கதவு. எலியைத் தடுக்கக் கதவு போடுகிறேன் என்று பலர் எழுதுகிறார்கள். கதவு எலியைத் தடுக்காது, அது உள்ளேயே தோன்றும். கதவு தடுப்பது அழுகல் புகையை. பூனை கொன்றுபோடும் எலியின் மிச்சம் நிலத்தடியில் அழுகினால் அந்த ஊதாப் புகை கிளம்பி எல்லோருடைய மனநிலையையும் கெடுக்கும். குப்பைக் கிடங்கை வெட்டவெளியில் வையுங்கள், அங்கே புகை எழுவதில்லை. பூனை வாங்கினால் மிச்சம் அள்ள ஆள் ஒதுக்குங்கள். பூனைகள் பெருகுவதையும் முன்பே கட்டுப்படுத்துங்கள். யாராவது ஒருவரைத் தேர்ந்துகொண்ட பூனையைப் பிறகு இறைச்சிக்கு அனுப்ப முடியாது. பொறிகளையும் மறக்காதீர்கள். மரத்திலோ உலோகத்திலோ சிறு பொறிகள் செய்து, பிடிப்பதற்கு ஓர் ஆளை நியமித்தால் பூனையே தேவைப்படாது.

கடைசியாக, எலியை வெறுக்கும் ஆளை மது காய்ச்ச வைத்தது தவறு. அவரைச் சுரங்கத்துக்கு அனுப்பியிருக்க வேண்டும்.


நூல்காரி

பீப்பாய்க்காவலன் அவர்கள் சொன்னதில் கிடங்கு விஷயம் சரி. கடைசி இரண்டு வரிகளை ஏற்க மாட்டேன். எழுபது குள்ளர்கள் உள்ள கோட்டையில் ஒவ்வொருவருடைய வெறுப்பையும் பார்த்து வேலை கொடுக்க யாருக்கு நேரம் இருக்கிறது? கல்தச்சன் ஆலோசனை கேட்கவில்லை, நடந்ததைச் சொன்னார்.

சிறுபிராணி என்றால் தொல்லை என்று முடிவு கட்டுவதும் எனக்கு ஒப்பவில்லை. குகைச் சிலந்தி சிறுபிராணிதான். அது பின்னும் வலையிலிருந்து பட்டு வருகிறது. பர்ரிங் மாகட் என்ற புழுவைப் பிடித்துப் பால் கறக்கலாம், அந்தப் பாலில் பாலாடைக்கட்டி செய்யலாம். என் முதல் கோட்டையில் ஆடு மாடு எதுவும் இல்லை. அந்தப் பாலாடைக்கட்டிதான் விருந்துக்கு இருந்தது.

என்னை உறுத்துவதும் சிலந்திதான். தறி வைத்தால் வலைகளைத் தானாகச் சேகரிக்கும் ஏற்பாடு உண்டு அல்லவா? அதை அணைக்கவில்லை. குகைக்குச் சுவர் எழுப்பும் வேலை பாதியில் நின்றது. என் நெசவாளி ஒவ்வொரு வலையாக எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். சிறு சிலந்தியின் வலை, அடுத்தது, அதற்கடுத்தது. நானும் பட்டுக் கணக்கு ஏறுவதைப் பார்த்து மகிழ்ந்துகொண்டிருந்தேன். திடீரென்று தரை முழுக்க வலை அடர்ந்த இடம் வந்தது. அது சிறு சிலந்திகளின் இடமே அல்ல. ராட்சதக் குகைச் சிலந்தி இருளில் இருந்தது. அவள் திரும்பி ஓடக்கூட இல்லை. ஒரே வீச்சில் வலையில் சிக்கி நின்றுவிட்டாள், கையில் எடுத்த பட்டுடன். வேலைப் பட்டியலில் அவள் பெயருக்கு நேரே 'வலை சேகரிப்பு' என்று அப்போதும் இருந்தது.


உறைந்தஆறு

நான் ஒரு வரியைப் பற்றி மட்டும் எழுத வந்தேன். இந்த விளையாட்டில் 'உணவுக்காகச் சிறுபிராணி வேட்டை' என்ற பொருளில் ஒரு வேலை உண்டு. நாம் கொடுக்கும் வேலை அன்று. பசி முற்றினால் குள்ளர்களே எடுத்துக்கொள்வார்கள்.

குளிர்ப் பிரதேசம், ஆறு உறைந்துவிட்டது, மீன் இல்லை. நிலத்தடி வயலுக்கு மண் கிடைக்கும் முன் காளான் தீர்ந்தது. ஒரு காலை எல்லோருடைய பெயருக்கு நேரேயும் 'வேலை இல்லை' என்று இருந்தது. அடுத்து குழுத் தலைவரின் பெயருக்கு நேரே அந்தச் சிறுபிராணி வேட்டை வரி வந்தது. அவரைப் பின்தொடர்ந்தேன். காலிக் கிடங்கில் ஒரு பல்லியின் பின்னால் மூலைக்கு மூலை நடந்தார். கல்தச்சன், உங்கள் உரிஸ்டுக்கு எலி வேண்டாத பொருள். என் தலைவருக்கு அன்று ஓர் எலி கிடைத்திருந்தால் வசந்தம்வரை இருந்திருப்பார். கிடங்கில் எலி நடமாடுகிறது என்றால் அங்கே இன்னும் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். நான் எலியைப் பார்த்தால் இப்போது கோபப்படுவதே இல்லை.


கல்தச்சன்

எல்லோருக்கும் நன்றி. பீப்பாய்க்காவலன் அவர்களே, உங்கள் மேல் வருத்தம் இல்லை. கல் பானைகளை இன்றே செய்யத் தொடங்கிவிட்டேன். உறைந்தஆறு எழுதியதை இரண்டு முறை படித்தேன்.

உரிஸ்டுக்கு என்ன ஆயிற்று என்று சொல்லவில்லையே. தண்டனைக் காலம் முடிந்து சங்கிலி அவிழ்ந்தது. கை முறிந்த சிறுவன் மருத்துவமனையில் இருந்தான். உரிஸ்ட் நேராக வடிசாலைக்குப் போனார், உடைந்ததை அப்போதே வேறொருவர் கட்டி முடித்திருந்தார். இலையுதிர் காலத்து வணிகக் குழு ஒரு கூண்டில் பூனை கொண்டுவந்திருந்தது. அதை வாங்கி, கூண்டைக் கிடங்கு நடுவில் வைத்துத் திறந்துவிட்டேன். பூனை யாரைத் தேர்ந்தெடுக்கும் என்று காத்திருந்தேன். சமையற்காரியைத் தேர்ந்துகொண்டது. ஆனால் மதியத் தூக்கத்துக்கு மட்டும் வடிசாலைக்குள் போய்ப் பீப்பாய்களுக்கு இடையில் படுத்துக்கொள்கிறது.