பயன்பாட்டு வேதியியல் பட்டம்: என்னென்ன வேலைகளுக்கு வழி உண்டு?

கேள்வி (ஒரு தந்தை, திண்டுக்கல்)

வணக்கம். வேதியியலில் பெரும் ஈடுபாடு கொண்ட என் மகளுக்கு, ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியலும் மற்றொன்றில் பயன்பாட்டு வேதியியலும் கிடைத்துள்ளன. இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தால் எத்தகைய வேலைகளுக்குச் செல்லலாம், பட்டத்தின் பெயரால் பின்னாளில் தடை ஏதும் வருமா என்பதை அறிந்தவர்கள் கூற வேண்டுகிறேன்.

மறுமொழி 1 (கழிவுநீர் ஆய்வகப் பணியாளர், திருப்பூர்)

ஐயா, கழிவுநீர் மாசு காரணமாக 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் இங்குள்ள சாய ஆலைகளை மூட உத்தரவிட்டதை அறிந்திருப்பீர்கள். கழிவுநீரைச் சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்தும் நிலையங்கள் இன்று இத்தொழிலின் உயிர்நாடி. அவை ஒவ்வொன்றுக்கும் ஆய்வக வேதியியலர் தேவை. நாங்கள் நாள்தோறும் செய்யும் சி.ஓ.டி. (வேதி ஆக்சிஜன் தேவை; நீரிலுள்ள மாசின் அளவைக் காட்டுவது) சோதனையையே எடுத்துக்கொள்ளுங்கள். மாதிரியுடன் பொட்டாசியம் டைகுரோமேட்டும் கந்தக அமிலமும் சேர்த்து இரண்டு மணி நேரம் கொதிக்கவைத்து, எஞ்சிய டைகுரோமேட்டை டைட்ரேஷன் (செறிவு தெரிந்த கரைசலை நிறம் மாறும்வரை சிறிது சிறிதாகச் சேர்க்கும் முறை) மூலம் அளக்கிறோம். முடிவுப் புள்ளியில் நீலப்பச்சை நிறம் சட்டென்று செம்பழுப்பாகும். ஆனால் சாயக் கழிவில் உப்பு மிகுதி. அதிலுள்ள குளோரைடும் டைகுரோமேட்டைச் செலவழித்துவிடுவதால், மெர்க்குரிக் சல்ஃபேட் சேர்த்து அதை முன்னதாகவே கட்டுப்படுத்தாவிட்டால் மாசின் அளவு உண்மையைவிடக் கூடுதலாகத் தெரியும். தூய கரைசல்களை மட்டுமே கையாண்டு பழகியவர்கள் தடுமாறுவது இவ்விடத்தில்தான். உங்கள் மகள் சேரவிருக்கும் துறையில் உண்மையான தொழிற்சாலை மாதிரிகளை மாணவர்களிடம் கொடுக்கிறார்களா என்று அவசியம் கேளுங்கள்.

மறுமொழி 2 (ஆராய்ச்சி மாணவி, காரைக்குடி)

மருந்து, பெயின்ட், சோப்பு, உணவுப்பொருள் நிறுவனங்களின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவுகளிலும் வாய்ப்பு உண்டு. எனினும் இளநிலைப் பட்டத்தோடு நின்றால் ஊதியம் மெதுவாகவே உயரும் என்பதால், முதுநிலை வரை படிக்கவைக்குமாறு வேண்டுகிறேன். இறுதியாண்டில் ஜாம் (முதுநிலை அறிவியல் படிப்புகளுக்கான தேசிய நுழைவுத் தேர்வு) எழுதினால் ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. சேரலாம்; பிறகு நெட் எனும் தேசியத் தகுதித் தேர்வில் ஆராய்ச்சி உதவித்தொகைத் தகுதி பெற்றால் ஆராய்ச்சிக்கு வழி திறக்கும். நம் மாநிலத்திலேயே, 1948-இல் தொடங்கப்பட்ட காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனமும் அடையாறு மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனமும் இருக்கின்றன. காரைக்குடியில் நடக்கும் மின்கல ஆய்வும் உலோக அரிமானத் தடுப்பும் பயன்பாட்டு வேதியியலின் நடுநாயகமான துறைகள் அல்லவா?

மறுமொழி 3 (ஓய்வுபெற்ற பேராசிரியர், மதுரை)

தங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். தனியார் நிறுவனங்கள் பட்டத்தின் பெயரைப் பெரிதாகப் பார்ப்பதில்லை. அரசுப் பணிக்கோ ஆசிரியர் பணிக்கோ செல்ல விரும்பினால், அப்பட்டம் பி.எஸ்சி. வேதியியலுக்கு இணையானது என்று அரசாணை வெளியாகியிருக்கிறதா என்பதைச் சேர்வதற்கு முன்பே உறுதிசெய்துகொள்ள வேண்டும். சான்றிதழ் சரிபார்ப்பின்போது இதனால் தவித்த மாணவர்களை நான் கண்டிருக்கிறேன். கல்லூரி அலுவலகத்தில் அரசாணையின் எண்ணையும் தேதியையும் எழுத்து வடிவில் கேட்டுப் பெறுங்கள். அரசாணை இல்லையென்றால், ஆசிரியப் பணியை விரும்பும் பிள்ளைக்குப் பொது வேதியியலே பாதுகாப்பானது.