மடித்துத் திறக்கும் .32 ரிவால்வருக்கு எந்த ஸ்பீடு லோடர் பொருந்தும்?

குலசேகரத்தான் கேட்கிறார்:

குலசேகரத்துக்கு அருகில் எங்களுக்கு ஒரு ரப்பர் தோட்டம் இருக்கிறது. அப்பா காலமான பிறகு, அவர் வைத்திருந்த .32 ரிவால்வருக்கு முறைப்படி என் பெயரில் உரிமம் பெற்று, மூன்று ஆண்டுகளாக நான் வைத்திருக்கிறேன். கான்பூர் தயாரிப்பு, சுத்தியலுக்குப் பக்கத்தில் உள்ள நெம்புகோலை அழுத்தினால் குழல் கீழே மடிந்து திறக்கும், ஆறு தோட்டாக்கள் கொள்ளும். சென்ற மாதம் சுடுதளத்தில் பயிற்சி எடுத்தபோது, ஆறும் தீர்ந்த பின் மறுபடி ஆறையும் நிரப்ப எனக்கு அரை நிமிடத்துக்கு மேல் ஆயிற்று. விரல் நடுக்கத்தில் இரண்டு தோட்டாக்கள் மணலில் வேறு விழுந்தன.

அமெரிக்காவில் இருக்கும் மைத்துனன் விரைவில் ஊருக்கு வருகிறான். தோட்டாக்களைச் சேர்த்துப் பிடித்திருந்து விரைவாக நிரப்ப உதவும் ஸ்பீடு லோடரில், மேலே உள்ள குமிழைத் திருகினால் தோட்டாக்களை விடுவிப்பது, நடுவில் அழுத்தினால் விடுவிப்பது, தோட்டாக்களை வரிசையாகச் செருகும் ரப்பர் பட்டை என மூன்று வகைகளின் படங்களை அனுப்பி, எது வேண்டும் என்று கேட்கிறான். '.32, ஆறு அறை' என்று சொன்னால் போதுமா? இன்னொரு ஐயமும் உண்டு. அப்பா தோல் வாரில் செருகி வைத்திருந்த தோட்டாக்களில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. நம் மாவட்டத்துக்கு ஆனியிலும் மழை, ஐப்பசியிலும் மழை. லோடரில் வைத்தால் களிம்பு ஏறாமல் இருக்குமா?

தக்கலை பட்டாளத்தான் மறுமொழி:

தம்பி, போதாது. லோடர் என்பது தோட்டாவுக்கு மட்டும் பொருந்த வேண்டிய பொருள் அன்று, தோட்டா அறைகள் உள்ள சுழல் உருளையான சிலிண்டருக்கும் பொருந்த வேண்டும். ஆறு அறைகளின் நடுப்புள்ளிகளையும் இணைத்து ஒரு வட்டம் போட்டால், அந்த வட்டத்தின் விட்டம் ஒவ்வொரு மாடலுக்கும் மாறும். அது பொருந்தவில்லையென்றால் தோட்டா முனைகள் அறைகளின் விளிம்பில் முட்டி நிற்கும். அதனால்தான் எச்.கே.எஸ்., சஃபாரிலேண்ட் போன்ற நிறுவனங்கள் எந்தத் துப்பாக்கிக்கு எந்த லோடர் என்று மாடல் வாரியாகப் பட்டியல் போட்டு விற்கின்றன. அந்தப் பட்டியல்களில் பெரும்பகுதி, சிலிண்டர் பக்கவாட்டில் வெளியே வரும் .38, .357 அமெரிக்க ரிவால்வர்களுக்கானது. உங்கள் துப்பாக்கியோ வெப்ளி என்ற பிரிட்டிஷ் ரிவால்வரின் வழியில் வந்த மடிப்பு வகை. பட்டியலில் அதன் பெயர் இல்லையென்றால், பார்ப்பதற்கு ஒன்றுபோல் இருக்கிறதே என்று வாங்கிவிடாதீர்கள்.

மடிப்பு வகைக்கு லோடரே ஆகாது என்று சிலர் சொல்வார்கள், அது தவறு. பக்கவாட்டில் திறக்கும் ரிவால்வரில் இடப்பக்கக் கைப்பிடிப் பலகை லோடரின் உடம்பில் இடிக்கும், அதற்காகவே பலகையைச் செதுக்கி விடுவார்கள். மடிப்பு வகையில் திறந்ததும் சிலிண்டரின் பின்புறம் முழுவதும் தடையில்லாமல் வானத்தைப் பார்த்து நிற்கும். வெப்ளிக்கென்றே பிரிடோ என்பவர் 1893இல் காப்புரிமை பெற்ற லோடரை முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் அதிகாரிகள் பயன்படுத்தியிருக்கிறார்கள். ஆகவே குறை உங்கள் துப்பாக்கியின் அமைப்பில் இல்லை, அதற்குரிய லோடர் எளிதில் கிடைக்காததில்தான் இருக்கிறது.

பொருந்துவது ஒன்று கிடைத்தால், திருகு, அழுத்து என்ற இரண்டு வகைக்கும் உள்ள வேறுபாட்டைத் தெரிந்துகொள்ளுங்கள். திருகு வகையில் தோட்டாக்கள் சற்றுத் தளர்ந்து ஆடும். அந்த ஆட்டம் துளைகளைத் தேடி நுழைக்க உதவும், ஆனால் குமிழைத் திருக ஒரு நொடி கூடுதலாகும். அழுத்து வகை தோட்டாக்களை இறுக்கமாகப் பிடித்திருக்கும். சிலிண்டரின் நடுவில், வெற்றுக்கூடுகளை வெளியே தள்ளும் நட்சத்திரத் தகட்டில் முட்டியதும் ஆறையும் ஒன்றாக விடும். வேகம் இதில் அதிகம். ஆனால் அந்தத் தகட்டின் நடுப்பகுதி லோடருக்கு ஏற்ற வடிவில் இல்லையென்றால் விடவே விடாது. எனக்கு வேண்டுமென்றால் திருகு வகையைத்தான் எடுப்பேன், அவசரத்திலும் அது எப்போது விடும் என்பது என் விரலுக்குத் தெரியும்.

பட்டை சட்டைப் பையில் தட்டையாக அடங்கும், இரண்டிரண்டாக அடுத்தடுத்த அறைகளில் நிரப்பலாம், வட்டத்தின் அளவு அதற்குத் தேவையே இல்லை. உங்கள் நிலைக்கு அதுவே முதலில் பார்க்க வேண்டியது. ஆனால் .38 ஸ்பெஷலுக்குரிய பட்டையை வாங்கினால் வீண். அந்தத் தோட்டாவின் அடிவிளிம்பின் விட்டம் ஏறத்தாழ 11.2 மி.மீ., நம்முடைய .32இன் விளிம்பு 9.5 மி.மீ.; சட்டைப் பையிலேயே கழன்று கிடக்கும்.

களிம்பைப் பற்றி: தோலைப் பதனிடும்போது தங்கிய அமிலமும் ஈரமும் சேர்ந்து பித்தளையில் உள்ள செம்பைத் தின்பதுதான் அந்தப் பச்சை. பிளாஸ்டிக் லோடரில் தோலின் கேடு இல்லை, ஈரத்தின் கேடு உண்டு. மூடி இறுகிய டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். எண்ணெய்த் துணியால் துடைக்கும் பழக்கம் இருந்தால் நிறுத்துங்கள். சில எண்ணெய்கள் தோட்டாவின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் பிரைமருக்குள் இறங்கி அதைச் சாகடித்துவிடும்.

கோட்டாறு வாசகர் மறுமொழி:

அண்ணன் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். மைத்துனரின் பெட்டியில் எதையும் வரவழைக்கும் முன், நாகர்கோவில் கலெக்டர் அலுவலகத்தில் ஆயுத உரிமப் பிரிவில் எழுத்து மூலம் கேட்டுவிடுங்கள். வெறும் பிளாஸ்டிக் துண்டுதானே என்று நமக்குத் தோன்றும். விமான நிலையச் சுங்க மேசையில் அதை விளக்கிக்கொண்டிருப்பது வேறு அனுபவம். லோடரில் ஆறு, துப்பாக்கியில் ஆறு, டப்பாவில் மீதி என்று பிரித்து வைத்தாலும், ஒரே நேரத்தில் கையிருப்பில் எத்தனை தோட்டாக்கள் இருக்கலாம் என்று உரிமத்தில் எழுதியிருக்கும் எண்ணுக்குள் எல்லாம் அடங்க வேண்டும். தேர்தல் நேரத்தில் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கும்போது, நிரப்பிய லோடர் மேசை இழுப்பறையில் மறந்து கிடக்கக் கூடாது.

அளவெடுக்க என்று ரிவால்வரை லேத் பட்டறைக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிடாதீர்கள். உரிமம் இல்லாதவர் கையில் அதை ஒப்படைப்பது குற்றம். தோட்டாக்களை முற்றிலும் எடுத்துவிட்டு, சிலிண்டரின் பின்முகத்தில் வெள்ளைத்தாளை வைத்து, சிறுவயதில் காசின் மேல் தாள் வைத்துத் தேய்ப்போமே, அப்படிப் பென்சிலால் தேய்த்தால் ஆறு வட்டங்களும் பதிந்துவிடும்.

குலசேகரத்தான் மீண்டும்:

தேய்த்துப் பார்த்தேன். எதிரெதிர் துளைகளின் நடுத்தூரத்தை அளந்து மைத்துனனிடம் சொன்னேன். அவன் விசாரித்த கடையில் இருந்த ஆறு அறை லோடர்கள் எல்லாமே .38க்குரியவை, என் சிலிண்டருக்கு அகலமானவை. எதுவும் கொண்டுவர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். .32க்குரிய பட்டை உள்நாட்டில் கிடைக்கிறதா என்று உரிமம் பெற்ற விற்பனையாளரிடம் கேட்டிருக்கிறேன். அதுவரை சுடுதளத்தில் பயன்படுத்த, தோட்டத்தில் வெட்டிய ரப்பர் மரத்துண்டு ஒன்றில் ஆறு ஆறாகக் குழி போட்டு, தோட்டாக்களைத் தலைகீழாக நிறுத்தி, விளிம்பைப் பற்றி இரண்டிரண்டாக எடுத்து நிரப்புகிறேன். டம்மித் தோட்டாக்களை வைத்து வீட்டில் ஒரு வாரம் பழகியதில் இருபது நொடிக்குள் வந்துவிட்டது. ஒரு சிக்கல் மட்டும்: சில நேரம் திறந்ததும் ஒரு வெற்றுக்கூடு வெளியே விழாமல் நட்சத்திரத் தகட்டின் அடியில் சிக்கிக்கொள்கிறது.

தக்கலை பட்டாளத்தான் மறுமொழி:

இருபது நொடி நல்ல முன்னேற்றம். கூடு சிக்குவதற்குக் காரணம் நீங்கள் தயங்கித் தயங்கித் திறப்பது. பாதி திறந்த நிலையில் தகடு மேலெழுந்து கூடுகளைத் தள்ளும், முழுவதும் திறந்ததும் சட்டென்று கீழே இறங்கிவிடும். இடையில் கை தளர்ந்தால், அரைகுறையாக வெளியே வந்த கூடு தகட்டின் அடியில் நழுவிவிடும். குழல்முனை பாதுகாப்பான திசையில் இருக்க, துப்பாக்கியைச் சற்றுப் பக்கவாட்டில் சாய்த்து, ஒரே வீச்சில் கடைசிவரை திறங்கள். கூடுகள் உதிர்ந்த பின் குழலைக் கீழ்நோக்கித் திருப்பி நிரப்புங்கள். தகட்டின் அடியில் எரியாத மருந்துத் துகள் ஒட்டியிருந்தாலும் அது சரியாக அமராது, பழைய பல்துலக்கியால் தேய்த்துவிடுங்கள்.

மரத்துண்டைப் பற்றி ஒரு வார்த்தை. பதப்படுத்தாத ரப்பர் மரம் ஒரு மழைக்குள் பூசணம் பூத்துவிடும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. காய்ந்த பலாத் துண்டு கிடைத்தால் மாற்றிக்கொள்ளுங்கள், தோட்டாக்களை அதிலேயே விட்டு வைக்காமல் டப்பாவில் திருப்பிப் போடுங்கள்.