புதுப்பிப்பு: ஹீட் பிரஸ்ல டிசைன் கோணலா விழுற பிரச்சனை, லேசர் மாட்டுனதுக்கு அப்புறம்

ஹீட் பிரஸ்ல (சூடான தட்டால அமுக்குற மெஷின்) டீ-ஷர்ட்டுக்கு டிடிஎஃப் பிரிண்ட், அதாவது ஃபிலிம்ல அச்சடிச்சு சூட்டுல துணிக்கு மாத்துற டிசைன், ஒட்டும்போது நெஞ்சு டிசைன் ஒரு பக்கமா சாஞ்சு விழுது, துணி மேல நேர் கோடு காட்டுற லேசர் லைட் வச்சா சரியாகுமான்னு கேட்டிருந்தேன்ல, சரியாயிடுச்சு. பதில் போட்ட எல்லாருக்கும் ரொம்ப நன்றி.

கை கொடுத்தது எதுன்னா, லேசர மெஷினோட மேல் தட்டுல மாட்டாதீங்க, சுவத்துல தனியா மாட்டுங்கன்னு ஒருத்தர் சொன்னது தான். மேல் தட்டு சூடாகுது, திறந்து மூடுறப்போ ஆடுது, கோடு நகந்துடும். இப்போ ஒரு கோடு கீழ் தட்டோட நட்டநடுவுல நீளவாக்குல, இன்னொண்ணு குறுக்க, டிசைனோட மேல் விளிம்பு வர்ற இடத்துல, அதாவது பெரியவங்க சைஸுக்கு காலர் தையல்ல இருந்து 3 இன்ச் கீழ. கறுப்புத் துணில செவப்புக் கோடு மங்கலா தான் தெரியுது, புதுசா வாங்குறவங்க பச்ச லேசரே வாங்குங்க.

எதிர்பாக்காதது ஒண்ணு இருக்கு. கோடு நேரா இருந்தும் சில பீஸ் கோணலாவே தெரிஞ்சுது, கைல எடுத்துப் பாத்தா சைடு தையல் வயித்துப் பக்கம் திரும்பி நிக்குது, சிங்கிள் ஜெர்சி (டீ-ஷர்ட் தைக்கிற மெல்லிசான பின்னல் துணி) முறுக்கிக்கும்ல, அதான். அதனால சைடு தையல நம்பாதீங்க. ரெண்டு தோள் தையலையும் ஒண்ணு மேல ஒண்ணு வச்சு மடிச்சு, பிரிண்ட் வைக்காம லேசா ஒரு அமுக்கு அமுக்குனா நடுவுல மடிப்பு விழும், ஈரமும் போயிடும். அந்த மடிப்பு மேல லேசர் கோடு உக்காந்தா போதும். ஃபிலிம் நகராம இருக்க ஹீட் டேப் (சூடு தாங்குற டேப்) மட்டும் ஒட்டிக்கங்க.