பழைய அமெரிக்கப் பொற்காசுகள்: லென்ஸில் பட்டதை எழுதுங்கள்

19ஆம் நூற்றாண்டு அமெரிக்கப் பொற்காசுகளைத் தொட்டு, எடை போட்டு, லென்ஸ் வைத்துப் பார்த்துப் பழகியவர்கள் இங்கே எழுதலாம்; மூன்று நட்சத்திரக் குறிக்குக் கீழே வேறொருவர் பேசுகிறார். எங்கே வாங்கினோம், எப்படி ஏமாந்தோம் என்ற சொந்தக் கதை வேண்டாம். காசில் என்ன தெரிந்தது, ஏன் அப்படி இருந்தது, அது மட்டும் போதும்.

முதலில் எடை. 5 டாலர் ஹாஃப் ஈகிள் நம் கணக்கில் ஒரு பவுனுக்குச் சற்று மேல், 8.359 கிராம். 10 டாலர் ஈகிள் 16.718. 20 டாலர் டபுள் ஈகிள் 33.436. குட்டியான 1 டாலர் வெறும் 1.672 கிராம். 1837 முதல் எல்லாமே ஆயிரத்துக்கு 900 தங்கம், அதாவது 21.6 காரட். மீதி பெரும்பாலும் செம்பு என்பதால் 916 நகை பார்த்துப் பழகிய கண்ணுக்குக் கொஞ்சம் சிவப்பாகத் தெரியும். அதைப் பார்த்துப் போலி என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

* * *

எடையோடு நிற்காமல் தண்ணீர்ச் சோதனையும் செய்யுங்கள். 0.01 கிராம் காட்டும் தராசில் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்துப் பூஜ்யமாக்குங்கள். டபுள் ஈகிளை மெல்லிய நைலான் இழையில் கட்டி, அடியையும் பக்கத்தையும் தொடாமல் முழுக்க முக்கிப் பிடியுங்கள். தராசு 1.94, 1.95 என்று காட்ட வேண்டும். காசின் எடையை அதால் வகுத்தால் 17.2 அளவில் வரும். அதுதான் 900 தங்கத்தின் அடர்த்தி. விளிம்பில் ஒரு காற்றுக் குமிழி ஒட்டியிருந்தாலும் கணக்கு கெட்டுவிடும். தண்ணீரில் ஒரு சொட்டு சோப்புத் திரவம் விட்டால் குமிழி நிற்காது.

1 டாலர் காசுக்கு இந்தத் தராசு உதவாது. அது தள்ளும் தண்ணீரே 0.097 கிராம்தான். தராசின் கடைசி இலக்கம் ஒன்று பிசகினாலே பத்து சதவீதம் போய்விடும். மில்லிகிராம் தராசு வேண்டும்.

இன்னொன்று: அடர்த்தி கூடினாலும் சந்தேகப்படுங்கள். அந்தக் காலத்தில் பிளாட்டினம் தங்கத்தை விட மலிவு. டபுள் ஈகிளைப் பக்கவாட்டில் அறுத்து, உள்ளே சுரண்டித் தங்கத்தை எடுத்து, பிளாட்டினத்தை நிரப்பி மூடிய ஆட்கள் அப்போதே இருந்தார்கள். மூட்டு விளிம்பில்தான் இருக்கும். விளிம்பைச் சுற்றியுள்ள குறுக்குக் கோடுகள் ஓரிடத்தில் மழுங்கியோ, இரண்டு கோடுகளுக்கு நடுவே இடைவெளி மாறியோ தெரிகிறதா என்று காசைச் சுற்றிச் சுற்றிப் பாருங்கள்.

* * *

மேலே சொன்னதெல்லாம் சரி. ஆனால் ஆபத்தான போலிகள் தண்ணீரில் மாட்டாது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பெய்ரூட் பக்கம் அடித்து வெளியே வந்தவற்றில் தங்கம் சரியாகவே இருக்கும். தங்க விலைக்கு மேல் சேகரிப்பாளர் தரும் அதிகப்படிதான் போலி அடித்தவர்களுக்கு லாபம். அந்த அதிகப்படி பெருத்திருக்கும் 1, 2.50, 3 டாலர் காசுகளில்தான் போலியும் அதிகம்.

இவற்றைப் பிடிக்கப் பத்து மடங்கு லென்ஸும் ஒரே பக்கத்திலிருந்து வரும் விளக்கும் போதும். போலியின் அச்சு ஓர் அசல் காசிலிருந்து எடுத்தது. அசலில் இருந்த அடிபட்ட பள்ளமும் சேர்ந்தே அச்சில் ஏறி, அதில் அடித்த ஒவ்வொரு காசிலும் அதே இடத்தில் விழும். நிஜமாக அடிபட்ட பள்ளத்தில் உலோகம் ஒதுங்கி ஓரம் கூர்மையாக நிற்கும், உள்ளே மினுமினுப்பு அறுந்திருக்கும். பிரதி எடுத்த பள்ளத்தின் ஓரம் மொழுமொழுவென்று இருக்கும், மற்ற இடத்து மினுமினுப்பு பள்ளத்துக்குள்ளும் தடையில்லாமல் ஓடும். காசைச் சாய்த்துச் சுழற்றினால் கண்ணுக்கே தெரியும். அடுத்து, நட்சத்திரத்துக்கும் விளிம்புப் பற்களுக்கும் (காசின் முகத்தில் ஓரத்தைச் சுற்றி வரும் சிறு மேடுகள்) நடுவே மேடாக நிற்கும் மெல்லிய கோடுகள். போலி அச்சை உளியால் திருத்திய தடம் அது. கீறல் என்றால் பள்ளமாகத்தான் இருக்கும், மேடாக இருக்காது.

* * *

நான் சொல்ல நினைப்பது இதற்கு நேர் எதிர். குறையில்லாத காசுதான் என்னைப் பயமுறுத்துகிறது.

ஜார்ஜியாவின் டலோனகா, வட கரோலினாவின் சார்லட், இரண்டும் 1838 முதல் 1861 வரை பொற்காசு மட்டுமே அடித்த சிறிய நாணயச்சாலைகள். எந்தச் சாலையில் அடித்தது என்று காட்டக் காசில் இருக்கும் குறி எழுத்து டி, சி. டலோனகா காசுகளில் பலவும் அரைகுறை அடிதான்: கழுகின் கழுத்து இறகு சமதளமாக இருக்கும், ஓரத்துப் பற்கள் பாதி காணாது. உள்ளூர்த் தங்கத்தில் வெள்ளி கலந்திருந்ததால் லேசான பச்சை ஓடும் காசும் உண்டு. 1861ஆம் ஆண்டின் 1 டாலர் டலோனகா காசு உள்நாட்டுப் போர் தொடங்கிய ஆண்டில், சாலை பிரிந்துபோன தென் மாநிலத்தார் கைக்குப் போன பிறகு அடித்தது. எத்தனை அடித்தார்கள் என்று பதிவே இல்லை. அதில் 'யுனைடெட்' என்ற சொல்லின் முதல் எழுத்து மங்கித்தான் இருக்க வேண்டும். பளிச்சென்று முழுதாக இருந்தால் காசைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

சாலைக் குறியை ஒட்டவைப்பதும் நடக்கிறது. குறி இல்லாத பிலடெல்பியா காசு மலிவாகக் கிடைக்கிறதே! அசலில் எழுத்து தளத்திலிருந்து வழுக்கினாற்போல் எழும்பும். ஒட்டியதன் அடியில் மயிரிழை போல ஓர் இருட்டுக் கோடு சுற்றிவரும்.

* * *

குறி என்றதும் 1848இன் 2.50 டாலர் நினைவுக்கு வருகிறது. கலிபோர்னியாவில் தங்கம் கிடைத்த புதிதில், அங்கிருந்து அனுப்பிய தங்கத்தில் 1,389 காசு அடித்து, கழுகின் தலைக்கு மேலே கலிபோர்னியாவின் முதல் மூன்று எழுத்துகளைக் குத்தினார்கள். சாதாரண 1848 காசில் பின்னாளில் குத்தி விற்பவர்கள் உண்டு.

அமெரிக்கக் காசை மேலிருந்து கீழாகப் புரட்ட வேண்டும், பக்கவாட்டில் அல்ல. அப்படிப் புரட்டினால் அந்த எழுத்துகளுக்கு நேர் பின்னே வருவது கழுத்துக்குக் கீழே ஆண்டு இருக்கும் இடம். அசலில் காசு அச்சுக்குள் இருக்கும்போதே குத்தியதால் அங்கே நசுங்கல் இராது. பிறகு குத்தியதில் தட்டையாகிவிடும்.

* * *

நாம் சங்கிலியில் தொங்குவதை டாலர் என்கிறோம். அங்கே 1 டாலர் காசே அப்படித்தான் நிறைய தொங்கியது. வளையத்தை வெட்டி எடுத்துத் தேய்த்துவிட்டாலும் 12 மணி திசையில் பற்றாசின் நிறம் மாறித் தெரியும், அங்கே விளிம்புக் கோடுகளும் இராது. காசைச் சோதித்துத் தர எண் போடும் நிறுவனங்களான பிசிஜிஎஸ், என்ஜிசி இரண்டும் இதற்கு எண் தரமாட்டார்கள், குறையைக் குறித்துத்தான் பெட்டியில் போடுவார்கள். விலை பாதிக்கும் கீழே போகலாம்.

அழுக்கைப் பார்த்து பூந்திக்கொட்டை, புளி, நகைக்கடைப் பாலிஷ் என்று இறங்காதீர்கள். உரைகல்லில் உரசவே கூடாது. பிளாஸ்டிக் உறையின் பச்சைப் பிசுக்கு ஒட்டியிருந்தால் மட்டும், கண்ணாடிக் கிண்ணத்தில் சுத்தமான அசிட்டோனில் சில நிமிடம் ஊறவைத்து, புது அசிட்டோனில் ஒருமுறை அலசி, தேய்க்காமல் காயவிடுங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும், அடுப்பு பக்கத்தில் வேண்டாம்.

* * *

அரிது என்ற சொல்லை அச்சடித்த எண்ணிக்கையை வைத்து அளக்காதீர்கள். 1822 ஹாஃப் ஈகிள் ஏட்டில் 17,796. இன்று தெரிந்தவை மூன்று, அதில் இரண்டு அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில். 1834க்கு முந்தைய காசுகளில் முகமதிப்பை விடத் தங்கத்தின் மதிப்பு கூடிவிட்டதால் உருக்கிவிட்டார்கள். மூன்றாவது காசு 2021இல் 84 லட்சம் டாலருக்குப் போனது.

தலைகீழாகவும் நடக்கும். 1857இல் புயலில் மூழ்கிய சென்ட்ரல் அமெரிக்கா கப்பலை 1988இல் கண்டுபிடித்தார்கள். உள்ளே புத்தம்புது நிலையில் ஆயிரக்கணக்கான 1857 சான் பிரான்சிஸ்கோ டபுள் ஈகிள்கள்! அதுவரை அந்த நிலையில் கிடைக்காத காசு அதன் பிறகு எல்லா ஏலத்திலும் வந்தது. நிலைக்காக மட்டும் பெரிய விலை கொடுப்பவர்கள் இதை மறக்க வேண்டாம். கார்சன் சிட்டி நாணயச்சாலையின் 1870 டபுள் ஈகிள் வேறு ரகம். 3,789 அடித்து, நெவாடாவிலேயே புழங்கித் தேய்ந்தது. அடிபட்ட தழும்போடுதான் வரும். கண்ணாடி மாதிரி ஒன்று வந்தால் சாலைக் குறியைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

* * *

எல்லோரும் போலியையே பேசுகிறீர்கள். அசலைப் போலி என்று தள்ளிய கதையும் உண்டு. 1854 சான் பிரான்சிஸ்கோ ஹாஃப் ஈகிள், அடித்தது 268. நெடுங்காலம் மூன்றுதான் தெரியும். நான்காவதை வைத்திருந்தவரிடம் வியாபாரிகள் போலி என்றே சொன்னார்கள், அவ்வளவு அரிய காசு சும்மா வருமா என்று. 2018இல் என்ஜிசி ஸ்மித்சோனியன் காசின் படத்தோடு பொருத்திப் பார்த்து அசல் என்றது. அதே ஆண்டு ஏலத்தில் 21.6 லட்சம் டாலர். பழைய மூன்றில் ஒன்று 1967இல் புளோரிடாவில் டூ பான்ட் குடும்ப வீட்டுக் கொள்ளையில் போனது. அதனால் இந்தக் காசு யாரிடமாவது விலைக்கு வந்தால் இரண்டு கேள்வி: அசல்தானா, அந்தத் திருட்டுக் காசா?