டிட்டோ புவெந்தேவுக்கு ஜூலியார்ட் படிப்பு எதைக் கொடுத்தது?

கேள்வி: தாள மாணவன்

அன்பர்களுக்கு வணக்கம். நான் மேற்கத்தியத் தாள வாத்தியங்களை முறையாகப் படித்து வருகிறேன். ஸ்னேர் டிரம், டிம்பனி என்னும் பெரிய கிண்ண வடிவ முழவு, சைலஃபோன் ஆகியவை பாடத்திட்டத்தில் உள்ளன. ஆனால் வீட்டுக்கு வந்ததும் நான் கேட்பது பெரும்பாலும் ஆஃப்ரோ-கியூப இசைதான், அதிலும் டிம்பாலே என்னும் இரட்டை உலோக முழவின் கலைஞரும் இசைக்குழுத் தலைவருமான டிட்டோ புவெந்தேதான். நியூயார்க்கின் எல் பாரியோ பகுதியில் போர்ட்டோ ரிக்கோ பெற்றோருக்குப் பிறந்து வளர்ந்த அவர், 1945 முதல் 1947 வரை ஜூலியார்ட் இசைக் கல்லூரியில் படித்தார் என்று அறிந்ததிலிருந்து ஒரு கேள்வி என்னை விடாமல் துரத்துகிறது. அவருடைய டிம்பாலே வாசிப்பில் எந்தக் கல்லூரிப் பாடமும் என் காதுக்குத் தென்படவில்லை. அது தெருவிலும் நடனக்கூடத்திலும் பழகிய கை. அப்படியானால் அந்தச் செவ்வியல் படிப்பு எங்கே போயிற்று? என் ஆசிரியர் ஏதேனும் ஒன்றில் ஊன்றி நிற்கச் சொல்கிறார். செவ்வியல், ஜாஸ், லத்தீன் என்று மூன்று பக்கமும் கால் வைத்தால் எதுவும் கைகூடாது என்பது அவர் எண்ணம். புவெந்தேவின் வாழ்க்கை இதைப் பொய்யாக்குகிறதா என்று அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1: பழைய இசைத்தட்டு

நல்ல கேள்வி, தம்பி. ஆனால் நீங்கள் தவறான இடத்தில் தேடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். அந்தப் படிப்பை அவருடைய குச்சியில் தேடக் கூடாது, பேனாவில் தேட வேண்டும்.

ஜூலியார்டில் நுழைந்தபோது அவர் கற்றுக்குட்டி அல்லர். அதற்கு முன்பே மாச்சிட்டோவின் ஆஃப்ரோ-கியூப இசைக்குழுவில் வாசித்திருந்தார். பின்னர் கடற்படைக்கு அழைக்கப்பட்டு, சான்டீ என்ற விமானந்தாங்கிக் கப்பலில் பணியாற்றினார். அந்தக் கப்பலின் குழுவில் வாசித்துக்கொண்டே, முன்பு ஒரு நடன இசைக்குழுவில் சாக்ஸஃபோன் வாசித்திருந்த ஒரு விமானியிடம், பெரிய குழுவுக்கு அரேஞ்ச்மென்ட், அதாவது ஒவ்வொரு வாத்தியத்துக்கும் உரிய பங்கு, எழுதும் அடிப்படைகளையும் கற்றார். போர் முடிந்ததும், வீரர்களின் கல்விச் செலவை அரசே ஏற்ற சட்டத்தின் உதவியால்தான் அவர் ஜூலியார்டில் சேர்ந்தார். அங்கே அவர் நாடிச் சென்றது டிரம்ஸ் பாடத்தை அன்று. குழுவை நடத்துவதும், வாத்தியங்களுக்குப் பங்கு பிரித்து எழுதுவதும், இசைக் கோட்பாடும்தான் அவருக்கு வேண்டியிருந்தன. கை ஏற்கெனவே பழகியிருந்தது. நான்கு டிரம்பெட்டும் நான்கு சாக்ஸஃபோனும் ஒன்றின்மேல் ஒன்று விழாமல், தாள வாத்தியங்களுக்கு இடம் விட்டு எழுதும் ஆற்றலே அவருக்குத் தேவைப்பட்டது.

1958-இல் ஆர்.சி.ஏ. வெளியிட்ட ‘டான்ஸ் மேனியா’ இசைத்தட்டைக் கேளுங்கள். அதன் முதல் பாடலான ‘எல் கயூகோ’வில் பித்தளை வாத்தியங்கள் நீட்டி முழங்குவதே இல்லை, குத்திவிட்டு விலகுகின்றன. அவை விலகும் அந்த இடைவெளியில்தான் டிம்பாலே பேசுகிறது. அந்த இடைவெளி தற்செயலாக அமைந்தது அன்று, எழுதப்பட்டது. அமெரிக்காவின் காங்கிரஸ் நூலகம் 2002-இல் தன் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலைத் தொடங்கியபோது, முதல் தொகுதியிலேயே இந்த இசைத்தட்டைச் சேர்த்துக்கொண்டது.

மறுமொழி 2: டிம்பாலே கை

முன்னவர் சொன்னதை ஏற்கிறேன். வாசிப்பவன் என்ற முறையில் இரண்டு செய்திகளைச் சேர்க்க விரும்புகிறேன்.

முதலாவது, நீங்கள் கல்லூரியில் வாசிக்கும் டிம்பனிக்கும் டிம்பாலேக்கும் உள்ள உறவு. ஸ்பானிய மொழியில் இரண்டுக்கும் பெயர் ஒன்றே. 19ஆம் நூற்றாண்டில் கியூபாவில் டன்சோன் என்ற நடன இசையை வாசித்த குழுக்களில் இருந்தது ஐரோப்பிய டிம்பனியேதான். அதைத் தூக்கிச் செல்வது பெரும்பாடு என்பதால், காலப்போக்கில் ஆழம் குறைந்த, அடிப்பக்கம் திறந்த இரண்டு சிறு உலோக முழவுகள் அதன் இடத்தைப் பிடித்தன. ஆகவே புவெந்தே வாசித்த வாத்தியமே செவ்வியல் குழுவிலிருந்து நடனக்கூடத்துக்கு இறங்கி வந்ததுதான். வாசிக்கும் முறை மட்டும் முற்றிலும் மாறிவிட்டது. தோலைவிட உலோக உடம்புக்கே வேலை அதிகம். குச்சியின் கழுத்துப் பகுதியால் பக்கவாட்டில் தட்டும் அந்த நடைக்குக் கஸ்காரா என்று பெயர். ஓடு என்று பொருள். பாட்டின் ஒரு பகுதியிலிருந்து அடுத்ததற்குத் தாவும் இடத்தில் ஒரு ரிம் ஷாட் (தோலையும் விளிம்பையும் ஒருசேரத் தட்டும் அடி), உடனே ஓர் உருட்டு, மீண்டும் ஒரு ரிம் ஷாட் வரும். அதற்கு அபனிக்கோ, அதாவது விசிறி, என்று பெயர். ஒரு விசிறியைப் படீரென்று விரிப்பது போலவே அது காதில் விழும்.

இரண்டாவது செய்தி கிளாவே, அதாவது இந்த இசைக்கு அடித்தளமாகத் திரும்பத் திரும்ப வரும் ஐந்தடித் தாள அமைப்பு. இரண்டு பார்களை (பார் என்பது மேற்கத்திய இசையின் தாள அளவு) 16 சிறு எண்ணிக்கைகளாகப் பிரித்தால், சோன் கிளாவே என்ற வகையின் ஐந்து அடிகள் 1, 4, 7, 11, 13 ஆகிய இடங்களில் விழும். ஒரு பாதியில் மூன்று, மறு பாதியில் இரண்டு. நம் ஆவர்த்தனத்தைப் போல இதற்குச் சமம் என்று வந்து இறங்கும் ஓரிடம் இல்லை. இதன் உயிர் இரு பாதிகளுக்கும் இடையிலுள்ள இழுபறியில் இருக்கிறது. மெட்டின் ஒவ்வொரு வரியும் தனக்குரிய பாதியில் அமர்ந்தாக வேண்டும்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மெல்லிசைக் குழுவில் லத்தீன் பாடல் ஒன்றை எடுத்துக்கொண்டோம். முன்னிசை நீளமாக இருக்கிறதென்று ஒரே ஒரு பாரை வெட்டிவிட்டார்கள். எண்ணிக்கை சரியாகத்தான் இருந்தது. யாரும் தாளம் தப்பவில்லை. ஆனாலும் பாட்டு முழுவதும் காங்கோ முழவும் பேஸ் கிட்டாரும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே இருந்தன. மேடையில் வியர்த்துக் கொட்டியதே தவிர, காரணம் எனக்குப் புரியவில்லை. அந்த ஒரு பார் போனதால் மெட்டு கிளாவேயின் தவறான பாதியில் ஏறிவிட்டது என்பது பிறகுதான் விளங்கிற்று. தேர்ந்த அரேஞ்சர்கள் இதையே வேண்டுமென்று செய்வார்கள்: ஒற்றைப்படையாக ஒரு பாரை வைத்து, கிளாவேயை நிறுத்தாமலே மெட்டை மறு பாதிக்கு மாற்றுவார்கள். கையில் தாளம் உள்ளவருக்கு அது தவறென்று உறைக்கும். அதைத் தாளில் எழுதிக் கட்டுப்படுத்தத் தெரிந்தவரால்தான் அதை அழகாக்க முடியும்.

மறுமொழி 3: ஹவானா நேயர்

ஜூலியார்டுக்கு அளவுக்கு மீறிப் புகழ் சேர்க்கிறோமோ என்ற ஐயம் எனக்கு உண்டு. இந்த இசை முறையைப் புவெந்தே உருவாக்கவில்லை. 1940-இல் தொடங்கிய மாச்சிட்டோ குழுவில் அதை வகுத்தவர் மாரியோ பௌசா. அவரோ ஹவானா ஃபில்ஹார்மோனிக் குழுவில் கிளாரினெட் வாசித்தவர். பிறகு நியூயார்க்கில் சிக் வெப்பின் ஜாஸ் குழுவில் டிரம்பெட் வாசித்து, அதன் இசை இயக்குநராகவும் இருந்தவர். ஜாஸ் டிரம்பெட் கலைஞர் டிஸ்ஸி கில்லெஸ்பிக்குக் காங்கோ கலைஞர் சானோ பொஸோவை அறிமுகப்படுத்தியவரும் அவரே. செவ்வியல், ஜாஸ், கியூபா என்ற மூன்றும் ஒரே மனிதருக்குள் கூடிய முதல் எடுத்துக்காட்டு அவரென்பேன். புவெந்தே ஜூலியார்டுக்குப் போகும் முன்பே அந்தக் குழுவில் உட்கார்ந்து, அந்த இசையைக் கேட்டு, வாசித்தவர். அவருடைய உண்மையான பள்ளிக்கூடம் அதுதான்.

மறுமொழி 4: பழைய இசைத்தட்டு

பௌசாவைப் பற்றிச் சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. அவரைக் குறிப்பிடாமல் விட்டது என் பிழை. ஆனாலும் புவெந்தே தனியாகச் செய்தது ஒன்று உண்டு. பின்வரிசையில் இருந்த டிம்பாலேயை மேடையின் முன்னே கொண்டுவந்து, நின்றபடி வாசித்துக்கொண்டே குழுவை நடத்தினார். எல்லாப் பங்கையும் எழுதியவரே தாளத்தையும் கையில் வைத்திருந்ததால்தான் அது சாத்தியமாயிற்று. அதே மனிதர் 1956-இல் ‘புவெந்தே கோஸ் ஜாஸ்’ இசைத்தட்டை வெளியிட்டார்; மறு ஆண்டே மோங்கோ சாந்தமரியா, வில்லி போபோ, ஃபிரான்சிஸ்கோ அகுவாபெல்லா ஆகிய தாளக் கலைஞர்களுடன், பித்தளை வாத்தியங்களை அறவே விலக்கி, தோலும் குரலும் மட்டுமே ஆள்கிற ‘டாப் பெர்கஷன்’ இசைத்தட்டைப் பதிவு செய்தார். மெல்லிய பாடல்களுக்கு, சைலஃபோனைப் போன்ற உலோகத் தகடு வாத்தியமான வைப்ரஃபோனையும் வாசித்தார். உங்கள் சைலஃபோன் பயிற்சி அங்கே நேராகவே உதவும், தம்பி.

உங்கள் ஆசிரியர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. புவெந்தே மூன்றையும் ஒரே நேரத்தில் தொடங்கவில்லை. 2000-ஆம் ஆண்டு, 77 வயதில் மறையும் வரை கிளாவேயை விட்டு அவர் இறங்கவே இல்லை. மற்றவை எல்லாம் அதன்மேல் வந்து சேர்ந்தன.

கேள்வி கேட்டவர்: தாள மாணவன்

அனைவருக்கும் நன்றி. இசையைப் பங்கு பிரித்து எழுதும் வகுப்பை இதுவரை சுமையாகவே நினைத்து வந்தேன். இனி ஒரு நாளும் தவற விட மாட்டேன். நேற்றிரவு ‘எல் கயூகோ’வைக் கேட்டுக்கொண்டே காலால் 1, 4, 7, 11, 13 என்று தட்டிப் பார்த்தேன். மூன்று முறை பிசகி, நான்காம் முறைதான் பிடிபட்டது. கஸ்காராவை ஸ்னேர் டிரம் குச்சியால் பழகலாமா?

மறுமொழி 5: டிம்பாலே கை

வேண்டாம். அந்தக் குச்சிக்கு நுனியில் குமிழ் இருக்கும், கனமும் கூடுதல்; உலோகத்தில் பட்டால் ஓசை மங்கிவிடும். டிம்பாலே குச்சிக்குக் குமிழ் கிடையாது. இரு முனைகளும் ஒரே தடிமனாக இருக்கும். கடையில் கிடைக்கவில்லையென்றால், ஏறக்குறைய 11 மில்லிமீட்டர் தடிமனுள்ள உருண்டை மரக்கம்பை வாங்கி, 40 சென்டிமீட்டர் நீளத்துக்கு அறுத்து, முனைகளை உப்புத்தாளால் தேய்த்துக்கொள்ளுங்கள். வாத்தியம் வாங்கும் வரை ஒரு பழைய பால் கேனின் பக்கவாட்டிலேயே பழகலாம். நான் அப்படித்தான் தொடங்கினேன்.