கவுன்சில் மீதான புகாரைக் கவுன்சிலிடமே கொடுப்பதா?

செம்பருத்தி:
இங்கிலாந்தில் உள்ளூர் கவுன்சிலின் பிள்ளைகள் நலப் பிரிவோடு மல்லுக்கட்டியவர்கள் சொல்லுங்கள். என் அக்காவின் இரண்டு பிள்ளைகளும் என் வீட்டில் வளர்கிறார்கள். "நீங்கள் ஏற்காவிட்டால் முன்பின் தெரியாதவர் வீட்டில்தான் விடவேண்டும்" என்று இரவில் அழைத்தது சமூகப் பணியாளர்தான். இப்போது வளர்ப்புப் படி கேட்டால், அது குடும்பத்துக்குள் நீங்களே செய்துகொண்ட ஏற்பாடு என்கிறார்கள். புகாருக்கு அரைப் பக்கத்தில் பதில் வந்தது: "உங்கள் கவலைகளைக் கவனத்தில் எடுத்துள்ளோம்." எழுதியவர் அதே பணியாளரின் மேலாளர். கவுன்சிலின் மூன்று கட்டப் புகார் முறையில் இது முதற்கட்டம்தான். இனி இரண்டாம் கட்டத்துக்குப் போவதா, கவுன்சில்கள் மீதான புகார்களை வெளியிலிருந்து விசாரிக்கும் ஓம்புட்ஸ்மனிடம் நேரே போவதா?

வடலி:
நேரே ஓம்புட்ஸ்மனிடமே போங்கள் தங்கச்சி. முதற்கட்டம் 10 வேலை நாட்கள், இழுத்தால் 20. இரண்டாவது 25, அதையும் 65 வரை நீட்டலாம். மூன்றாம் கட்டத்தில் மறுஆய்வுக் குழு கூடுவதற்கு 30 நாட்கள், அதன் பிறகு கவுன்சிலின் பதிலுக்கு 15. அரை ஆண்டுக்கு மேல் ஓடிவிடும். அத்தனையும் யாரிடம்? வேலிக்கு ஓணான் சாட்சி!

ஆற்றங்கரை:
வடலி அண்ணா, இப்போதே போனால் "கவுன்சிலின் முறையை முடித்துவிட்டு வாருங்கள்" என்றுதான் ஓம்புட்ஸ்மன் பெரும்பாலும் திருப்பி அனுப்புவார். 2006ஆம் ஆண்டு விதிகளின்படி இரண்டாம் கட்டத்தில் விசாரணை அலுவலரோடு சுயாதீன நபர் ஒருவரும் இருந்தே ஆகவேண்டும். அவர் கவுன்சிலின் ஊழியராகவோ உறுப்பினராகவோ இருக்க முடியாது. செம்பருத்தி, முதற்கட்டப் பதில் கிடைத்ததிலிருந்து 20 வேலை நாட்களுக்குள் இரண்டாம் கட்டத்தைக் கேளுங்கள். அதைத் தவறவிடாதீர்கள்.

வடலி:
விசாரணை அலுவலர் கவுன்சில் ஊழியராகவே இருக்கலாம், அதையும் சொல்லுங்கள். அந்தச் சுயாதீன நபருக்குப் பணம் கொடுப்பதும் கவுன்சில்தான். நான் மொழிபெயர்ப்பாளராகப் போன வீடுகளில் பலர் இரண்டாம் கட்டத்தின் நடுவிலேயே களைத்துப்போய் விட்டுவிட்டார்கள். பிள்ளைக்குச் சப்பாத்து வாங்கக் காசில்லாதவரிடம் 65 நாள் பொறுங்கள் என்பது அநியாயம்.

ஆற்றங்கரை:
அநியாயம்தான், மறுக்கவில்லை. ஆனால் கோப்பைத் திறந்து பார்த்து, ஊழியர்களை ஒவ்வொருவராகக் கேட்பது அந்தக் கட்டத்தில்தான். நான் துணைக்குப் போன ஒரு புகாரில் கவுன்சில் இதே கதையைத்தான் சொன்னது. இரவுப் பணியில் இருந்தவரின் குறிப்பைத் தேடி எடுத்தார்கள். அழைத்த நேரம், யார் அழைத்தார், பிள்ளைகளைக் காரில் கொண்டுவந்து விட்டது யார் என்று எல்லாம் அதில் இருந்தது. அதோடு "குடும்ப ஏற்பாடு" என்ற பேச்சே நின்றது. பிள்ளையை உறவினரிடம் விடுவதில் கவுன்சிலே முக்கிய பங்கு வகித்திருந்தால், பிறகு அதைத் தனிப்பட்ட ஏற்பாடு என்று சொல்லிக் கைகழுவ முடியாது. 2007இல் லண்டனின் சதர்க் கவுன்சில் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது இதைத்தான். தீர்ப்பு உங்கள் பக்கம் இருந்தாலும், அன்றிரவு நடந்ததை யாராவது எழுத்தில் உறுதிசெய்ய வேண்டுமே!

செம்பருத்தி:
எனக்கு வேறு பயம். புகாரை வளர்த்தால் பிள்ளைகளையே எடுத்துவிடுவார்களோ?

வடலி:
இந்தப் பயத்தை வைத்துத்தான் எத்தனையோ பேரை வாயடைக்கிறார்கள். இதனால்தான் வெளியில் இருப்பவரிடம் முதலில் போகச் சொல்கிறேன்.

மருதம்:
புகார் கொடுத்தது பிள்ளையை எடுப்பதற்குக் காரணம் ஆகாது, அக்கா. பயமாக இருந்தால் அதையும் புகாரிலேயே எழுதுங்கள். பிள்ளைகளும் தாங்களே புகார் கொடுக்கலாம். அப்படிக் கொடுத்தால் அவர்களுக்காகப் பேச ஒருவரைக் கவுன்சில் ஏற்பாடு செய்துதர வேண்டும்.

ஆற்றங்கரை:
விசாரணை தொடங்கும்போது உங்களோடு அமர்ந்து புகாரை இலக்கமிட்டு எழுதுவார்கள். அவசரப்பட்டு ஒப்பமிடாதீர்கள். "உதவித்தொகை பற்றிய அதிருப்தி" என்று சுருக்க விடாதீர்கள். யார், எப்போது அழைத்தார், என்ன சொன்னார், எந்த நாளிலிருந்து பணம் தரவேண்டும் என்று தனித்தனியாக வரட்டும்.

வடலி:
சரி, இரண்டாம் கட்டத்தைக் கேட்கட்டும். ஆனால் 65ஆம் நாள் அறிக்கை கையில் இல்லையென்றால், மறுநாளே தாமதத்தைக் காட்டி ஓம்புட்ஸ்மனுக்கு எழுத வேண்டும். அவருடைய முடிவு பரிந்துரைதான் என்றாலும் கவுன்சில்கள் பெரும்பாலும் அதை ஏற்கின்றன. "இன்னும் இரண்டு வாரம்" என்று போனில் சொன்னால் ஏற்காதீர்கள் தங்கச்சி, மின்னஞ்சலில் கேளுங்கள்.

செம்பருத்தி:
பதில் வந்து 14 வேலை நாட்கள் போய்விட்டன. இன்றிரவே எழுதுகிறேன்.