கரப்பன் உள்ள பிள்ளைகள்: எங்கள் வீடுகளில் நடந்தவை

விசுவமடுவிலிருந்து ஒரு தாய்:

என் மகனுக்கு நான்கு மாதமாக இருந்தபோது கன்னங்கள் இரண்டும் சிவந்து, நீர் கசிந்து, பொருக்குக் கட்டின. மாமி அதனைக் கிரந்தி என்றார். பால் கொடுக்கும் தாய் என்பதால் நண்டு, இறால், கத்தரிக்காய், அன்னாசி எல்லாவற்றையும் விட்டு, ஏறத்தாழ ஓராண்டு சோறும் பருப்பும் முருங்கையிலையுமாகவே காலம் கழித்தேன். பிள்ளையின் தோல் மாறவில்லை, நான்தான் மெலிந்தேன்.

இரண்டு வயதில் கன்னம் தெளிந்து, நோய் முழங்கை, முழங்கால் மடிப்புகளுக்கு இறங்கியது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் தோல் வரண்டு வெடிக்கும். மாசியில் அரிவி வெட்டு நடக்கும்போது நெற்சுணையும் வைக்கோல் தூசும் பட்டு விடியும்வரை சொறிவான். தோல் கிளினிக்கில் வைத்தியர் முதலில் கேட்டது, முன்பு தந்த கிறீம் டியூப் எத்தனை நாளுக்குப் போதுமாக இருந்தது என்பதைத்தான். மூன்று மாதம் என்று சற்றுப் பெருமையோடு சொன்னேன். அங்கேதான் பிழை இருந்தது.

கரப்பன், அதாவது எக்சிமா உள்ள பிள்ளையின் தோல் ஈரத்தைப் பிடித்து வைக்காது, தூசும் கிருமியும் எளிதில் உள்ளே போகும், தகப்பனுக்கு முட்டு (ஆஸ்துமா) இருப்பதும் இதே பரம்பரைத் தன்மையோடு தொடர்புடையது என்று அவர் விளக்கினார். ஈரப்பதம் காக்கும் களிம்பை நோய் தணிந்த நாளிலும் உடல் முழுவதும் பூச வேண்டும். பிள்ளைக்குக் கிழமைக்கு 250 முதல் 500 கிராம்வரை தேவைப்படும். நான் 100 கிராம் போத்தலை இரண்டு மாதம் வைத்திருந்தேன்! ஸ்டீரொயிட் கிறீம் சிவந்த இடங்களுக்கு மட்டும் உரியது: பெரியவரின் சுட்டுவிரல் நுனியிலிருந்து முதல் மடிப்புவரை பிதுக்கினால் வருவது சுமார் அரைக் கிராம், அது பெரியவரின் விரல்களோடு சேர்ந்த இரண்டு உள்ளங்கையளவு தோலுக்குக் காணும். முகத்துக்கு 1 சதவீத ஹைட்ரோகோர்ட்டிசோனும், கைகால்களுக்குச் சில நாட்கள் அதைவிட வலுவானதும் எழுதித் தந்தார். அயல் வீட்டுப் பிள்ளைக்கு ஒரு மருந்துக்கடையில் வைத்தியரின் துண்டு இல்லாமலே கொடுத்த, ஸ்டீரொயிட் கலந்த கிறீமை மாதக்கணக்கில் முகத்தில் பூசி, தோல் மெலிந்து நரம்பு தெரிந்ததைக் கண்ட பயத்தில், நான் அதுவரை எள்ளளவுதான் தொட்டு வைத்திருந்தேன்.

எங்கள் குழாய்க்கிணற்றுத் தண்ணீர் சவர்க்காரம் நுரைக்காத கடின நீர். அதனை மென்மையாக்கும் கருவி வாங்கலாமா என்று கேட்டபோது, இங்கிலாந்தில் பிள்ளைகளிடம் செய்த ஆய்வில் அதனால் நோய் குறையவில்லை என்றார்; அந்தப் பணத்துக்கு ஈரப்பதம் காக்கப் பூசும் வெள்ளைப் பரபின் வாங்கினோம். இப்போது சவர்க்காரம் இல்லாமல் ஐந்து பத்து நிமிடங்களுக்குள் குளிப்பாட்டி, துவாயால் ஒற்றியெடுத்து, ஈரம் காயுமுன் பூசிவிடுகிறேன். முற்றாக மாறவில்லை, ஆனால் இரவில் நித்திரை கொள்கிறான்.

செட்டிகுளத்திலிருந்து ஒரு தகப்பன்:

2009இல் போரால் இடம்பெயர்ந்து முகாமில் இருந்த எங்களுக்குச் சொறியை (ஸ்கேபீஸ் என்ற தொற்றுநோயை) பற்றி யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. அந்த நினைவுதான் எங்களைத் தவறான வழிக்குக் கொண்டுபோனது. மகளின் கை மடிப்பைக் கண்டதும் சொறி என்றே முடிவு செய்து, சொறிக்குப் பூசும் மருந்தான பென்சைல் பென்சோவேட்டை மூன்று இரவு பூசினோம். வெடித்த தோலில் அது எரிந்து பிள்ளை கதறியது இன்னும் என் காதில் நிற்கிறது. பள்ளியிலும் அவளைத் தனி வாங்கில் இருத்தினார்கள். சொறி பெரும்பாலும் விரல் இடுக்கிலும் மணிக்கட்டிலும் தொப்புளைச் சுற்றியும் வரும், வீட்டிலுள்ள மற்றவர்களுக்கும் இரவில் கடிக்கும்; கரப்பனோ தொட்டால் ஒட்டாது. கிளினிக் கொப்பியைக் கொண்டுபோய் ஆசிரியரிடம் காட்டிய பிறகே அவள் தோழிகளுக்குப் பக்கத்தில் இருந்தாள்.

முள்ளியவளையிலிருந்து ஒரு தாய்:

ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். திடீரென்று காய்ச்சலோடு, ஒரே அளவான சிறு கொப்புளங்கள் தோன்றி, உடைந்து குழி குழியாகப் புண்ணானால், காலைவரை காத்திருக்காதீர்கள். உதட்டுக் கொப்புளத்தை உண்டாக்கும் ஹெர்பிஸ் வைரஸ் கரப்பன் தோலில் பரவுவது அது. என் மகனை அன்றிரவே ஆஸ்பத்திரி விடுதியில் சேர்த்து, அந்த வைரஸுக்கான மருந்தான அசைக்ளோவிர் ஏற்றினார்கள். இன்னொன்று: பரபின் ஊறிய உடுப்பு சட்டென்று தீப்பிடிக்கும், அடுப்படிக்கும் குப்பிவிளக்குக்கும் கிட்டப் பிள்ளையை விடாதீர்கள்.

விசுவமடுத் தாய்:

தீ விடயம் எனக்குத் தெரியாது, சகோதரி. எங்கள் வீட்டில் விறகடுப்புத்தான், அவனோ அதன் அருகில்தான் இருந்து சாப்பிடுவான். உடுப்பைச் சுடுநீரில் துவைத்தால் பரபின் போய்விடுமா?

முள்ளியவளைத் தாய்:

குறையும், முழுதாகப் போகாது. சாப்பாட்டை விறாந்தைக்கு மாற்றுங்கள்.